இடப்பக்கத்துச் சன்னல்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் கௌரவமாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. கப்பல் டிக்கெட் போட உட்கார்ந்தேன், கதை வந்துவிட்டது. டிக்கெட் இன்னும் போடவில்லை.

கிள்ளான் துறைமுகத்திலிருந்து ஓர் உல்லாசக் கப்பல் கிளம்பி, பினாங்கில் ஒரு பகல் நின்று, திரும்பி வருகிறது. என் மனைவிக்கு நெடுநாள் ஆசை. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கணினியைத் திறந்துவைத்து அறை தேட ஆரம்பித்தேன். சன்னல் வேண்டுமா வேண்டாமா என்றது. வேண்டும் என்றேன். எந்தத் தளம் என்றது. சொன்னேன். இடப்பக்கமா வலப்பக்கமா என்றது. அங்கே மாட்டிக்கொண்டேன். கப்பலுக்கு இரண்டு பக்கமும் கடல்தானே, இதில் என்ன பக்கம் என்று எரிச்சலோடு நாற்காலியில் சாய்ந்தேன்.

"இடப்பக்கம் எடுங்க."

என் மனைவி அப்போது வீட்டிலேயே இல்லை, காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தாள்.

[குரல் கேட்டது என்று எழுதுவது எழுத்தாளர்களின் பழைய பீற்றல். எனக்குக் குரல் எதுவும் கேட்கவில்லை. ஒரு வாக்கியம் வந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பின்னால் ஒருத்தி நின்றிருந்தாள். பழங்காலத்துக் கொசுவச் சேலை, கழுத்தை ஒட்டிய ரவிக்கை, முப்பத்து நான்கு முப்பத்தைந்து வயது. கெஞ்சவில்லை, அதட்டவில்லை. தன் வீட்டுக்குப் பால் ஊற்ற வந்தவரிடம் அளவு சொல்கிற மாதிரி சொன்னாள்.]

அவளுக்கு ஏன் இடப்பக்கம்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் எழுத ஆரம்பித்தேன்.

2

முதல் தொடக்கம்: "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் ஆண்டின் இறுதியில், ரப்பர் விலை விழுந்து, உலகமெங்கும் கம்பெனிகள்—"

வேண்டாம். உலகத்தைக் கூப்பிட்டால் அவள் வந்து சேர நான்கு பக்கம் ஆகிவிடும்.

இரண்டாம் தொடக்கம்: "நல்லம்மாளுக்குக் கடல் என்றாலே பயம். சின்ன வயதில்—"

இதுவும் வேண்டாம், இது பொய். அவளுக்குக் கடலைக் கண்டு பயமில்லை. பேர் மட்டும் நிற்கட்டும். நல்லம்மாள்.

மூன்றாவது: இடப்பக்கம்தான் வேண்டும் என்று நல்லம்மாள் மறுபடியும் சொன்னாள்.

இது சரி. இங்கிருந்து போகலாம். இடம், கிள்ளானில் கௌஸ் ராவுத்தர் கடை. முன்பக்கம் துணிக்கடை, பின்பக்கம் கப்பல் டிக்கெட். நாகப்பட்டினம் போகிறவர்களுக்கெல்லாம் அவர்தான் டிக்கெட் வாங்கித் தருவார். கப்பலின் படத்தை மேசைமேல் விரித்து, சுருண்டுகொள்ளாமல் நான்கு மூலையிலும் துணிக்கட்டுகளை வைத்திருந்தார். படத்துக்கு எதிரே நல்லம்மாள், அவள் கணவர் இராமலிங்கம், கல்யாணப்பெண் சௌந்தரம். இராமலிங்கம் ரயில்வே கூட்ஸ் ஆபீசில் குமாஸ்தா. பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் வீடு. தை மாதம் நாகப்பட்டினத்தில் பெண்ணுக்குக் கல்யாணம்.

"அம்மா, நான் சொல்றதக் கேளுங்க," என்றார் ராவுத்தர். "பினாங்கு தாண்டிட்டாக் கப்பலு மேக்கப் பாத்துப் போவும். மார்கழி வெயிலு தெக்கால சாஞ்சு அடிக்கும். எடப்பக்கத்து ரூமு பகல் பூரா அடுப்படியா இருக்கும். வலப்பக்கம் நெழலு. காசு ரெண்டுக்கும் ஒண்ணுதான். வெள்ளைக்காரத் தொரைங்க வலப்பக்கத்தக் கேட்டு வாங்குவாங்க."

"தொரைங்க கேக்குறதையே போடுங்க ராவுத்தரே," என்றார் இராமலிங்கம்.

"எடப்பக்கந்தான் வேணும்," என்றாள் நல்லம்மாள்.

"எங்கம்மாவுக்கு அடுப்படி பழகிப்போச்சு ராவுத்தர் மாமா. நெழல்ல ஒக்காந்தா ஒடம்புக்கு ஆவாது," என்றாள் சௌந்தரம்.

ராவுத்தர் சிரித்தார். "வெக்கை ஆவாதுன்னா மேல தொறந்த டெக்குல போவலாம் பாருங்க. காத்து அள்ளிக்கிட்டுப் போவும். டிக்கெட்டும் கொறச்சல்."

சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னார். இராமலிங்கத்தின் முகம் சுருங்கிவிட்டது.

"எங்க வீட்டுல யாரும் டெக்குல போனதில்ல. எங்கம்மா மொதமொதப் பொண்ணு பாக்க வந்தப்பவே அதத்தான் கேட்டாங்க. டெக்குல வந்த குடும்பமா, ரூமுல வந்த குடும்பமான்னு. ரூமுதான்னு தெரிஞ்சப்பறந்தான் தட்டு மாத்துனாங்க. இப்ப வர்ற சம்பந்தியும் அப்படித்தான் கேட்டாங்க."

நல்லம்மாள் படத்தைப் பார்த்தாள். அறைகள் வரிசையாக, எண் போட்டு, படுக்கை வரைந்து இருந்தன. டெக் மட்டும் வெறும் வெள்ளையாக விட்டிருந்தது. அங்கே எண் இல்லை, கோடு கூட இல்லை.

"நான் எதையாச்சும் கேட்டிருக்கேனா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

இராமலிங்கம் யோசித்தார். பதினேழு வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டதாக ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "எடப்பக்கமே போடுங்க ராவுத்தரே," என்றார். "வெந்தா மூணு பேரும் சேந்து வேவுறோம்."

3

இப்போது காரணத்தைச் சொல்ல வேண்டும். நல்லம்மாள் யாரிடமும் சொல்லாததை நான் உங்களிடம் சொல்கிறேன். இது எனக்கே கொஞ்சம் உறுத்துகிறது. கணவனுக்குத் தெரியாததைக் கதை படிக்கிறவருக்குச் சொல்வது என்ன நியாயம் என்று அவள் கேட்கலாம்.

அவள் வந்தது டெக்கில். எட்டு வயதில், அப்பா, அம்மா, ஆறு வயதுத் தங்கையோடு, ரப்பர்த் தோட்டத்துக்கு ஆள் சேர்த்த ஒரு கங்காணி கூட்டிவந்த கும்பலில். பினாங்கை ஒட்டி ஜெரெஜாக் என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. டெக்கில் வந்தவர்களை அங்கே இறக்கி, துணியை வாங்கி வெந்நீரில் போட்டு, ஆளை மருந்துத் தண்ணீரில் குளிக்கவைத்து, நோய் இல்லை என்று தெரியும்வரை அடைத்து வைப்பார்கள். அறையில் வந்தவர்களுக்கு இந்தச் சடங்கு இல்லை. அவர்கள் நேரே ஊருக்குள் போவார்கள். அந்தத் தீவில்தான் தங்கைக்குக் காய்ச்சல் வந்தது. அங்கேயே புதைத்தார்கள். பிறகு மிச்சமிருந்த மூன்று பேரையும் ஒரு சின்னக் கப்பலில் ஏற்றித் தெற்கே கிள்ளானுக்கு அனுப்பினார்கள்.

அந்தச் சின்னக் கப்பலில் நின்றபடி நல்லம்மாள் தீவைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அது சோற்றுக்கைப் பக்கமாக மறைந்தது. வலது இடது தெரியாத வயது. சோற்றுக்கை மட்டும் தெரியும். இருபத்தாறு வருஷமாக அதை நினைவில் வைத்திருக்கிறாள். வரும்போது வலப்பக்கம் மறைந்தது, திரும்பிப் போகும்போது இடப்பக்கம் தெரியும். எவ்வளவு சரியான கணக்கு. நானாக இருந்தால் காகிதம் எடுத்திருப்பேன்.

பிறகு கிள்ளானில் கடை வைத்திருந்த மாமா அவர்களைத் தோட்டத்திலிருந்து மீட்டார். கல்யாணம் பேசியதும் அவர்தான். "ரூமுலதான் வந்தாங்க" என்று இராமலிங்கத்தின் அம்மாவிடம் சொன்னதும் அவர்தான். ரூமில் வந்தவர்களுக்கு ஜெரெஜாக் கிடையாது. ஜெரெஜாக் கிடையாது என்றால் அங்கே செத்துப்போன தங்கையும் கிடையாது. ஒரு பொய் எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள்.

நல்லம்மாளின் அம்மா சாகும்வரை ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்: "கன்னியாப் போனவ வீட்டுக்குத் தெய்வம்டி. கல்யாணம்னா மொதப் பாவாடை அவளுக்கு. தண்ணிக்கரைல நின்னு பேரு சொல்லிக் கூப்பிடணும். ஒன் கல்யாணத்துக்குக் கூப்பிடாம விட்டுட்டோமே."

சௌந்தரத்துக்குப் பிறகு பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று நல்லம்மாள் நம்பினாள். நான் நம்பவில்லை. ஆனால் பிள்ளைகளை இழந்தது அவள். அவள் நம்பட்டும். சௌந்தரத்தின் கல்யாணத்துக்கு முன்னால் தங்கையைக் கூப்பிட்டே ஆக வேண்டும், அதுவும் யாருக்கும் தெரியாமல். தெரிந்தால் சம்பந்தி வீடு என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். இடப்பக்கத்துச் சன்னல் வழியாகத் தீவு தெரிகிற நேரத்தில் பேரைச் சொல்லி, பாவாடையைக் கடலில் விட்டுவிடலாம் என்பதுதான் திட்டம்.

[தங்கைக்கு என்ன பேர் வைப்பது? முதலில் வீரம்மா என்று எழுதினேன். பொருந்தவில்லை. இராஜம்மா என்று மாற்றினேன். நல்லம்மாள் என் பக்கம் திரும்பவே இல்லை. புஷ்பவல்லி என்றேன். "அது ஒண்ணும் இல்ல" என்பதுபோல உதட்டைப் பிதுக்கினாள். இப்போதைக்கு இடத்தைக் காலியாக விட்டுவைக்கிறேன்: (            ). பிறகு பார்த்துக்கொள்ளலாம்.]

4

இராமலிங்கத்தைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கோபக்காரராக எழுதினால் கதை சுலபமாக ஓடும். ஆனால் பினாங்குப் பகலுக்கு அவர் திட்டம் போட்டதைப் பார்த்த பிறகு எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

கப்பல் பினாங்கில் ஒரு பகல் நிற்கும் என்று தெரிந்த நாளிலிருந்து அவர் சும்மா இருக்கவில்லை. ரயில் அட்டவணை போலவே ஒன்று தயார் செய்தார். இறங்கியதும் பலகாரம். தண்ணீர்மலை முருகன் கோயில். அங்கிருந்து ஆயர் ஈத்தாம். மலை ரயில். மேலே கொஞ்ச நேரம் குளிர். இறக்கம். பாசாரில் ஜாதிக்காய். கப்பல். ஏதாவது ஒரு நிறுத்தத்தில் தாமதமானால் எந்த நிறுத்தத்தில் நேரத்தைப் பிடிப்பது என்றுகூட எழுதியிருந்தார். சமையலறை வாசலில் நின்று அதை உரக்கப் படித்துக் காட்டினார்.

"மலை ரயில் ரெண்டு தடவ ஏறலாமாப்பா?" என்றாள் சௌந்தரம்.

"ஒரு தடவைக்குத்தான் எடம் இருக்கு."

"கொஞ்ச நேரம் கடலோரமா நிக்கறதுக்கு எடம் இருக்கா?" என்றாள் நல்லம்மாள்.

"கடலா? கப்பல்ல வேற என்னத்தப் பாக்கப் போற?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. நல்லம்மாள் அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். சன்னல் இருக்கிறதே, பகல் எதற்கு என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வாரமே பாவாடையைத் தைத்து முடித்தாள். மஞ்சள் பட்டு, பச்சைக் கரை. அளவுதான் அவளைக் குழப்பியது. இருந்திருந்தால் தங்கைக்கு இப்போது முப்பத்திரண்டு வயது. ஆனால் போனவர்களுக்கு வயது ஏறுவதில்லை. பக்கத்து வீட்டில் ஓர் ஆறு வயதுப் பெண்ணைக் கூப்பிட்டு இடுப்பளவு எடுத்துக்கொண்டாள்.

தைத்ததைச் சௌந்தரம் கண்டுபிடித்துவிட்டாள்.

"அப்பா, இங்க வந்து பாருங்க. எனக்கு இன்னும் தாலியே ஏறல. அதுக்குள்ள பேத்திக்குப் பாவாடை ரெடி."

இராமலிங்கம் புரையேறும்வரை சிரித்தார். நல்லம்மாளும் சிரித்தாள். அந்த நேரத்தில் சிரிப்பதுதான் எல்லாவற்றையும்விடச் சுலபமாக இருந்தது. கண்ணில் நீர் வந்ததை இரண்டு பேரும் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ராவுத்தர் இரண்டு வகைச் சீட்டுகள் கொடுத்திருந்தார். ஒன்று, அறைக்குப் போகிற பெட்டிக்கு. இன்னொன்று, 'பயணத்தில் வேண்டாதது' என்று சொல்லும் சீட்டு. அதை ஒட்டிய பெட்டி கப்பலின் அடிவயிற்றுக்குப் போய்விடும். நாகப்பட்டினத்தில்தான் திறக்க முடியும். சாமான் கட்டுவதில் இராமலிங்கத்தை மிஞ்ச ஆள் கிடையாது, தொழிலே அதுதான். சம்பந்தி வீட்டில் இறங்கும்போது போட வாங்கிய பட்டுக்கரை அங்கவஸ்திரத்தை, மடிப்புக் கலையாமல், அறைப்பெட்டியில் மேலாக வைத்தார். குட்டிப் பாவாடையைப் பெரிய பெட்டியின் அடியில் வைத்தார். பேத்தி பிறக்க இன்னும் நாளிருக்கிறதே. சீட்டை அவரே நக்கி, கோணாமல், நேராக ஒட்டினார்.

[இந்த இடத்தை நான் திட்டமிட்டு எழுதவில்லை. சாமான் கட்டுகிற காட்சி என்று ஆரம்பித்தேன். அவர் பாவாடையை எடுத்தார். நான் தடுத்திருக்கலாம். ஆனால் அவர் அதை எவ்வளவு பத்திரமாக மடித்தார் என்று பார்த்துக்கொண்டிருந்ததில் விட்டுவிட்டேன்.]

5

கப்பல் மாலையில் கிளம்பியது. சதுப்புக் காடுகள் இரண்டு பக்கமும் பின்னால் நகர்ந்தன. காயும் கருவாட்டு வாடை கரையிலிருந்து கொஞ்ச தூரம் கூடவே வந்து நின்றுகொண்டது. அறையில் வட்டமான ஒரு சன்னல், ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு. நல்லம்மாள் பெட்டியைத் திறந்து பாவாடையைத் தேடினாள்.

"பேத்தி பாவாடையா?" என்றார் இராமலிங்கம், மேல்படுக்கையிலிருந்து. "அது பெரிய பொட்டில கீழ போயிடுச்சு. கப்பல்ல எதுக்கு அது?"

"சும்மாத்தான் கேட்டேன்," என்றாள்.

சரி, பாவாடை இல்லை. பேராவது சொல்லலாம் என்று நினைத்தாள். விடியும் முன்பே எழுந்து சன்னலோரம் உட்கார்ந்தாள். கடல் முதலில் சாம்பல் நிறமாக இருந்தது, பிறகு பால் கலந்த பச்சையாக ஆனது. காற்று முகத்தில் ஈரமாகப் பட்டது. தூங்குகிறோமா விழித்திருக்கிறோமா என்று தெரியாத நேரம் அது. அலை ஒவ்வொன்றும் தீவாக மாறப் பார்த்து, மாறாமல் படுத்துக்கொண்டது. ஒரு முறை, தண்ணீருக்கு மேல், எண்ணெய் வைத்து வாரிய ஒரு சின்னத் தலையைக்கூடப் பார்த்தாள். அது மிதந்துபோன தேங்காய். வாயில் பேரை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

தீவு வரவில்லை.

இதை நான் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் கப்பல் விஷயம் தெரிந்த நண்பர் ஒருவரிடம் பேசினேன். "பெரிய கப்பல் அந்தப் பக்கமே போகாதுய்யா," என்றார். "தெற்கு வாய்க்கால்ல ஆழம் பத்தாது. சின்னக் கப்பல்தான் போகும். பெருசு பினாங்கை மேற்கால சுத்திக்கிட்டு வடக்கு வழியா உள்ள வரும்."

போனை வைத்துவிட்டு வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரியென்றால், இடப்பக்கத்துச் சன்னலில் முதலில் வெறுங்கடல்தான் தெரியும், அப்புறம் எதிர்க்கரையின் கெடா மலை தெரியும். அவளுடைய கணக்கில் பிழையே இல்லை. அவள் நினைத்த கப்பல்தான் வேறு. ஒரு வரி எழுதிக் கப்பலைத் தெற்கே திருப்பிவிட என்னால் முடியும். என் கதை, என் கப்பல். ஆனால் அவள் இருபத்தாறு வருஷம் சுமந்து வந்தது நிஜமான திசை. அதற்கு முன்னால் பொய்யான கப்பலை ஓட்ட எனக்கு மனம் வரவில்லை.

இதை அவளுக்கு யார் சொல்வது? அறையைச் சுத்தம் செய்ய வருகிறவரைச் சொல்லவைத்துப் பார்த்தேன். அவர் தமிழில் நம்பும்படி பேசவில்லை. அடித்துவிட்டேன். கடைசியில் நானே போனேன். அறையை விட்டு வெளியே வந்து அவள் நின்றிருந்த கம்பித் தடுப்போரம், அவள் பக்கத்தில் நின்றேன். வயதில் நான் பெரியவன். பிறந்ததில் அவள் முந்தியவள். எப்படிக் கூப்பிடுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

"அண்ணே," என்றாள் கடைசியில். "தீவு ஏன் வரல?"

சொன்னேன்.

"முன்னாடியே தெரியாதா ஒங்களுக்கு?"

"நேத்துதான் தெரியும்."

"தெரியாமயா எழுத ஆரம்பிச்சீங்க?"

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இன்னைக்குப் பகல்தான் இருக்கு," என்றாள். "அவங்க அட்டவணையில எடம் கேக்கணும்."

6

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். கிழித்தெறியாமல் இங்கேயே வைக்கிறேன்.

(அ) அவள் சொல்கிறாள். இராமலிங்கம் கோபித்துக்கொண்டு மகளை அழைத்துக்கொண்டு மலைக்குப் போய்விடுகிறார். நல்லம்மாள் துறையில் தனியாகத் தெற்குப் பார்த்து நிற்கிறாள். மாலை வரை நிற்கிறாள். நிழல் நீள்— போதும். அழவைக்க எழுதியது. அவர் அப்படிச் செய்கிற ஆளும் இல்லை.

(ஆ) அவள் சொல்கிறாள். "நானும் டெக்குலதான் வந்தேன் நல்லம்மா" என்று அவரும் உடைந்து அழுகிறார். இதை எழுதி முடித்து ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்து படித்தேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

(இ) அவள் சொல்லவே இல்லை. அட்டவணைப்படி மலை ரயில் ஏறுகிறார்கள். மேலே, குளிரில், சௌந்தரம் கையை நீட்டி, "அதோ பாரும்மா, குட்டித் தீவு" என்கிறாள். காலடியில், இரண்டு கரைகளுக்கு நடுவே, ஜெரெஜாக். யாருக்கும் தெரியாமல் ஆசைதீரப் பார்த்துக்கொள்கிறாள். இந்த முடிவை நான் மிகவும் விரும்பினேன். அங்கிருந்து தீவு நிஜமாகவே தெரியும், போய்ப் பார்த்திருக்கிறேன். பொய்யும் கெடாது, கல்யாணமும் நிற்காது. எல்லோரும் ஜாதிக்காய் வாங்கிக்கொண்டு கப்பல் ஏறலாம்.

ஆனால் நல்லம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. "மலை மேல ஏது தண்ணி?" என்றாள். "கைய நனைக்காம எப்படிக் கூப்புடறது?"

7

ஆகவே பினாங்குத் துறை. கப்பலிலிருந்து கரைக்கு வந்த படகை விட்டு இறங்கிப் பலகாரம் முடிந்திருந்தது. இராமலிங்கம் புது அங்கவஸ்திரத்தைத் தோளில் மடித்துப் போட்டிருந்தார். சம்பந்தி வீட்டுக்குமுன் முருகன் பார்க்கட்டும் என்று எடுத்துக்கொண்டது. தண்ணீர்மலைக்கு ரிக்ஷா பேசப் போனார்.

"ஏங்க," என்றாள் நல்லம்மாள். "எனக்குக் கோயிலும் வேணாம், மலையும் வேணாம். ஜெரெஜாக் கிட்ட போக ஒரு படகு வேணும்."

ரிக்ஷாக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். அந்தத் தீவில் டெக்கில் வந்தவர்களைத் தவிர இருப்பவர்கள் தொழுநோயாளிகள். ஊர் முழுக்க அறிந்த விஷயம்.

"அங்க ஒனக்கு என்ன?"

"என் தங்கச்சி இருக்கா."

அவளுக்குத் தங்கச்சி என்று ஒருத்தி இருந்ததே இராமலிங்கத்துக்குத் தெரியாது. இப்போது தெரிகிறது, தெரிகிற இடமோ தொழுநோய்த் தீவு. நாகப்பட்டினம், பந்தல், சம்பந்தி, பெண்ணின் கழுத்து, எல்லாம் அந்த ஒரு நொடியில் அவர் கண்முன் வந்துபோயின. "உயிரோடயா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. ஆறு வயசுலயே போயிட்டா. நாங்க டெக்குல வந்தோம். மாமா சொன்னது பொய்."

மற்றதையும் சொன்னாள். நின்ற இடத்திலேயே, யார் கேட்கிறார்கள் என்று பார்க்காமல், காய்ச்சல், மருந்துத் தண்ணீர், சோற்றுக்கைப் பக்கம் மறைந்த தீவு, பெட்டியின் அடியில் போன பாவாடை, எல்லாவற்றையும் சொன்னாள். சௌந்தரம் அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

செத்துப்போனவள் என்று தெரிந்ததும் இராமலிங்கத்துக்கு வந்தது நிம்மதி. ஓர் ஆறு வயதுப் பிள்ளை செத்துப்போயிருக்கிறது, தனக்கு மூச்சு வந்துவிட்டது. அதை நினைத்துத்தான் அவர் தலை குனிந்தார். டெக், ரூம், மாமா சொன்ன பொய், இதெல்லாம் அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. உறைத்தபோது கோபப்படத் தகுதி இல்லாதவராக இருந்தார்.

அட்டவணையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். பார்த்தார். மடித்து உள்ளே வைத்தார்.

"மலை ரயில், சௌந்தரம்," என்றார்.

"மலை அங்கயேதாம்ப்பா இருக்கும்," என்றாள் அவள்.

ஜெலுத்தோங் வரை டிராம். அதற்கு அப்பால் ரிக்ஷா, தென்னந்தோப்பு, சேறு. கடைசியில் ஒரு சம்பான், சின்னத் துடுப்புப் படகு; சம்பான்காரர் தலையில் துண்டு கட்டிய தமிழ் முஸ்லிம்.

"எறங்க விடமாட்டாங்க அண்ணே," என்றார். "அந்தப் பாறை வரைக்கும் போவலாம். அதுக்கு மேல கேக்கக் கூடாது."

"போதும்," என்றாள் நல்லம்மாள்.

தண்ணீர் அங்கே குளம் மாதிரி அசையாமல் கிடந்தது. வெயில் அதன்மேல் தூங்கிக்கொண்டிருந்தது. துடுப்பின் சத்தம்கூட எங்கோ தூரத்தில் கேட்பதாகத் தோன்றியது. தீவு கிட்டே வந்தது. கொட்டகைக் கூரைகள், ஒரு படித்துறை, மரங்கள். அவள் நினைத்து வைத்திருந்ததைவிட மரங்கள் உயரமாக இருந்தன. இருபத்தாறு வருஷத்தில் அவை மட்டும் வளர்ந்திருந்தன. பாறைக்கு அருகே சம்பான்காரர் துடுப்பை ஊன்றி நிறுத்தினார்.

நல்லம்மாள் இடுப்பு முடிச்சிலிருந்து மஞ்சளை எடுத்தாள். புதுத்துணி இல்லை.

இராமலிங்கம் தோளிலிருந்து அங்கவஸ்திரத்தை எடுத்து நீட்டினார்.

"பாவாடைக்குப் பத்துமா?"

அவள் அதை வாங்கி, பட்டுக்கரை ஓரத்தைப் பிடித்து, முழங்கையால் அளந்தாள். "ஆறு வயசுதானுங்களே. தாராளமாப் பத்தும்."

சௌந்தரம் தலையிலிருந்து பூவை எடுத்து அதன்மேல் வைத்தாள். நல்லம்மாள் மஞ்சளைத் துணியில் முடிந்து தண்ணீரில் விட்டாள். துணி விரிந்து, பட்டுக்கரை வெயிலில் மின்னி, கொஞ்சம் தயங்கி, தீவின் பக்கம் நகர்ந்தது.

"பேரு என்ன?" என்று கேட்டார் இராமலிங்கம்.

[நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். ஊரில் போய் இதைச் சொன்னார்களா, சம்பந்தி வீடு என்ன செய்தது, அதெல்லாம் கப்பலின் மறுபாதி. என் டிக்கெட் இந்தத் தண்ணீர் வரைக்கும்தான். காலியாக விட்ட அந்த இடத்தை நிரப்ப எத்தனையோ பேர்களை அவளிடம் நீட்டினேன், அவள் ஒன்றையும் ஏற்கவில்லை. என் வீட்டில் யாரையாவது இப்படி வழியில் விட்டுவந்தோமா என்று கேட்கலாம் என்றால், சொல்லக்கூடியவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். உங்கள் குடும்பமும் எப்போதோ எங்கிருந்தோ கிளம்பி வந்திருக்கும். வழியில் ஒருத்தியை விட்டுவிட்டு வந்திருக்கும். அவள் பேச்சு வந்தால் பெரியவர்கள் வேறு பேச்சு எடுத்திருப்பார்கள். கேட்டுப் பாருங்கள். யாருக்கும் தெரியாவிட்டால் உங்களுக்குப் பிடித்த பேரைச் சொல்லுங்கள். ஆறு வயதுப் பிள்ளை, கோபித்துக்கொள்ள மாட்டாள். மனதுக்குள் சொல்லாமல், வாய்விட்டுச் சொல்லுங்கள். சம்பான்காரர் துடுப்பை ஊன்றிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.]

நல்லம்மாள் கையைத் தண்ணீரில் வைத்துக் கூப்பிட்டாள்: "                              "